மூணாவது பெஞ்சுப் பொண்ணு

இது ரத்தம் இல்லக்கா, பயப்படாதீங்க. சிவப்பு இங்க்கு. பேனா லீக் ஆயிருச்சு, துடைக்கத் துடைக்கப் பரவுதே தவிர போக மாட்டேங்குது. டீச்சர் கைன்னா இப்படித்தான், ஒண்ணு சாக்பீஸ், இல்லன்னா இங்க்கு. தள்ளி உக்காராதீங்க, உங்க மேல படாம வச்சுக்கிறேன்.

ஆமா, டீச்சர்தான். அஞ்சாங்கிளாஸ். உள்ள இருக்கிறது என் கிளாஸ் பொண்ணு, பத்து வயசு. குடல்வால் வெடிச்சிருச்சாம். ஒண்ணே முக்காலுக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கல்லுதானே, அதெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்லக்கா, ரெண்டு நாள்ல எழுந்து காபி கேப்பார் பாருங்க. இது அப்படி இல்லயாம். சீழ் வயிறு பூரா பரவிருச்சு, கழுவி எடுக்கணும், எடுத்தாலும் ரெண்டு நாள் போகாம எதுவும் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். வலி ஆரம்பிச்சதுமே கொண்டு வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்னார்.

அவங்க அம்மாவுக்கா? சொல்லியாச்சுக்கா, அவங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு வெளியூர்ல வேலை. கிளம்பிட்டார், இருட்டுறதுக்குள்ள வந்துருவார்.

நான் பேசிட்டே இருக்கிறது உங்களுக்குத் தொந்தரவு இல்லயே? சும்மா உக்காந்தா அந்தக் கதவையே பாத்துட்டு இருக்கேன். அதான் பேப்பராவது திருத்துவோம்னு எடுத்தேன். இன்னைக்குக் காலையில வச்ச கணக்கு டெஸ்டு. எந்த வேளையில எந்த வேலைன்னு நீங்க நினைப்பீங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா.

பதினாலு வருஷ சர்வீஸ். ஒரு கிளாஸுக்குள்ள நுழைஞ்சா அஞ்சே நிமிஷத்துல எது எந்த ரகம்னு பிரிச்சு வச்சுருவேன். புதுசா வர்ற டீச்சருங்க எல்லாம் என்கிட்டதான் வந்து கேப்பாங்க, மிஸ் அந்த கிளாஸைப் பத்திச் சொல்லுங்கன்னு. ஜோசியக்காரின்னு ஸ்டாஃப் ரூம்ல பேரே வச்சுட்டாங்க. எனக்கும் அதுல ஒரு பெருமை, இல்லன்னா பொய்.

கைதூக்கின்னு ஒரு ரகம் இருக்குக்கா. நீங்க கேள்விய ஆரம்பிக்கக்கூட இல்ல, கை மேல போயிரும். சரி சொல்லுடான்னா எழுந்து நின்னு பேந்தப் பேந்த முழிப்பான். பதில் தெரிஞ்சு தூக்கறதில்ல, நம்மள யாராவது பாக்கணும்னு தூக்கறது. வீட்டுல நாலஞ்சு பிள்ளைங்க இருக்கிற வீடா இருக்கும். அப்புறம் ரப்பர். எழுதுவா, அழிப்பா, எழுதுவா, அழிப்பா, தாளே கிழிஞ்சு போகும். அந்த ரகத்தைத் திட்டவே கூடாது. வீட்டுல யாரோ கை ஓங்குறாங்கன்னு அர்த்தம். ஜன்னல் பார்ட்டி உங்களுக்கே தெரியும், உடம்பு மட்டும் அட்டெண்டன்ஸ் குடுக்கும். என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான், நியூஸுன்னுதான் கூப்பிடுவோம். மிஸ், அவன் என்னைப் பாத்தான் மிஸ். மிஸ், இவ பென்சில ரெண்டு பக்கமும் சீவிட்டா மிஸ். நாள் பூரா ஒலிபரப்பு. அவங்க அம்மாவுக்கும் அதே குணம்தான். அதைச் சொல்றேன், இருங்க.

சிரிச்சீங்களா? சிரிங்கக்கா, தப்பில்ல. நானும் சிரிச்சுட்டு இருந்தவதான்.

கடைசி பெஞ்சுதான் மோசம்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது சுத்தத் தப்பு. என் கடைசி பெஞ்சுல ஒருத்தன், பெரிய மனுஷன்னு பேரு. ஒரு வருஷம் ஃபெயில், மத்ததுங்களை விட ஒரு தலை உசரம். படிப்பு ஏறாது. ஆனா எவனாவது வாந்தி எடுத்தா மண்ணள்ளிட்டு வந்து போடுறது அவன்தான். இன்னைக்கு இந்தப் பொண்ணை ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்து ஆட்டோவுல வச்சதும் அவன்தான்.

இந்தப் பொண்ணா? இவ மூணாவது பெஞ்சு. நடு பெஞ்சு ரகம்னு ஒண்ணு இருக்குக்கா, தொந்தரவே பண்ணாத ரகம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல அந்தப் பிள்ளையோட அம்மா வந்து உக்காந்தா நமக்குச் சொல்றதுக்கே ஒண்ணும் இருக்காது. இவளை அங்க உக்கார வச்சது நான்தான். முதல் பெஞ்சுல போட்டா அதுக்கு ஒரு பேச்சு வரும், கடைசியில போட மனசு வராது. மூணாவதுன்னா யார் கண்ணுலயும் படாது. என் கண்ணுலயும் படாம போயிருச்சு.

இந்த டெஸ்டு நாள் வயித்துவலி இருக்கு பாருங்க, அதுல மட்டும் நாலஞ்சு ரகம் வச்சிருந்தேன். பாடம் படிக்காத வயித்துவலி. பக்கத்துல இருக்கிறவன் இன்னைக்கு வரல, யாரைப் பாத்து எழுதுறதுங்கிற வயித்துவலி. ஒண்ணு வீட்டுக்குப் போயிருச்சேன்னு இன்னொண்ணுக்கு வர்ற வயித்துவலி. நிஜ வலிக்கு ஒரே அடையாளம்தான் வச்சிருந்தேன். நிஜமா வலிச்சா பிள்ளை அழும். அழலைன்னா நடிப்பு. பதினாலு வருஷத்துல அது பொய்யானதே இல்லக்கா.

ரூல் போட்டிருந்தேன். டெஸ்டு நாள்ல வயித்துவலின்னு சொன்னா முதல்ல எழுதி முடி, அப்புறம் போ. பாதிப் பேருக்கு அந்தப் பேச்சைக் கேட்டதுமே வலி போயிரும். போன மாசம் நியூஸுக்கு வயித்துவலி வந்துச்சு, எழுதிட்டுப் போடான்னு உக்கார வச்சேன். அதே வாரம் இந்தப் பொண்ணுக்குத் தலைவலி. அன்னைக்கு நெத்தி சுட்டுது, நான் ஸ்டாஃப் ரூம்ல கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சேன். நியூஸு வீட்டுல போய் வாசிச்சுட்டான். அவங்க அம்மா நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வந்து, என் பிள்ளைக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமான்னு சத்தம். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர்தான். உங்களை நான் நம்புறேன் மிஸ், ஆனா பேச்சுக்கு இடம் குடுக்காதீங்கன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. இத்தனை வருஷத்துல ஒருத்தர் என்னை அப்படிக் கேட்டதில்ல.

ஏன் அந்தப் பொண்ணைச் சொன்னாங்கன்னா... அது ஒரு கதைக்கா. சொல்றேன்.

இன்னைக்குக் காலையில பத்து மணிக்குக் கேள்வித்தாள் குடுத்தேன். கால் மணி நேரம் கூட ஆகல, மூணாவது பெஞ்சுல கை தூக்குறா. மிஸ், வயிறு வலிக்குது மிஸ். மெதுவாத்தான் சொன்னா. கிளாஸே எழுதுறதை நிறுத்திட்டு என்னைப் பாக்குது. நியூஸு பேனாவையே கீழ வச்சுட்டான். நான் அவ முகத்தைப் பாக்கல, அவன் முகத்தைத்தான் பாத்தேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், எழுதிட்டுப் போன்னு சொன்னேன். கொஞ்சம் கடுமையாவே சொன்னேன், நாலு பேருக்குக் கேக்கட்டும்னு. சரி மிஸ்னு உக்காந்துட்டா. அழல.

பத்தரைக்குப் பெரிய மனுஷன் எழுந்து நின்னான். மிஸ், அவளுக்கு நிஜமாவே வலிக்குது மிஸ்ங்கிறான். உனக்கெப்படிடா தெரியும்னு கேட்டேன். நான் நடிக்கும்போது வயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவேன் மிஸ், உங்க முகத்தைப் பாத்துட்டே இருப்பேன். அவ வயித்தத் தொடவே இல்ல மிஸ், வலது காலை மட்டும் நீட்ட முடியாம மடக்கி வச்சிருக்கா, யாரையும் பாக்கலன்னான். கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்க்கா. உக்காருடா, நீ பெரிய டாக்டருன்னு சொன்னேன்.

அவன் சொன்னது அத்தனையும் சரின்னு டாக்டரே சொல்லிட்டார்.

பதினோரு மணிக்கு பேப்பர் வாங்கும்போது பெஞ்சு மேல தலைய வச்சிருந்தா. எழுந்திருன்னேன். எழுந்து அப்படியே பெஞ்சுக்கு நடுவுல சரிஞ்சுட்டா. தொட்டா அனலாக் கொதிக்குது. அப்புறம் எங்க ஓடினேன், யாரைக் கூப்பிட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. வாங்கின பேப்பர் கட்டும் கையுமா, ஒரு கால்ல செருப்பு இல்லாம இங்க வந்து நிக்கிறேன், பாருங்க. இன்னும் அங்கதான் கிடக்கும்.

இதோ, இதுதான் அவ பேப்பர். பேனா இதுலதான் லீக் ஆச்சு. மூணு கணக்கு சுத்தமா போட்டிருக்கா, ஒரு அடிச்சல் கிடையாது. நாலாவதுல பாருங்க, எண்ணெல்லாம் கோட்டை விட்டு இறங்கிப் போகுது. அப்புறம் தாள் வெள்ளையா இருக்கு. நாலாவதுக்கு என்ன மார்க் போடுறதுன்னு பேனாவ வச்சுட்டு உக்காந்திருந்தேன். அழுத்திட்டேன் போல.

காலையிலயும் சரியா சாப்பிடலக்கா. பாதியத் தட்டுல வச்சுட்டு எழுந்துட்டா. பசிக்கலன்னா. டெஸ்டு பயம், வேற என்னன்னு நினைச்சேன்.

எனக்கு எப்படித் தெரியும்னா... டீச்சருக்குத் தெரியாம என்ன.

நீங்களும் அதையேதான் சுத்திச் சுத்திக் கேக்குறீங்க. அவங்க அம்மா எங்க, இன்னும் ஏன் வரலன்னு. வந்துட்டாங்கக்கா. காலையில இருந்து இங்கதான் இருக்காங்க.

ஒரு ரகம் நான் சொல்லாம விட்டுட்டேன். டீச்சர் பிள்ளைன்னு ஒரு ரகம். எல்லா ஸ்கூல்லயும் ஒண்ணு ரெண்டு இருக்கும். நல்ல மார்க் வாங்கினா கேள்வித்தாளை வீட்டுலயே பாத்துருச்சும்பாங்க. கொறைஞ்சா டீச்சர் பிள்ளையே இந்த லட்சணமாம்பாங்க. அது பக்கத்துல வந்தா மத்ததுங்க பேச்சை நிறுத்திரும், போய் மாட்டி விட்டுருமோன்னு. அதுக்குப் பாதி நாள் விளையாட ஆளே இருக்காது. நாலாங்கிளாஸ் வரைக்கும் சமாளிச்சுட்டோம். அஞ்சாங்கிளாஸுக்கு எங்க ஸ்கூல்ல ஒரே செக்‌ஷன், நான் ஒருத்திதான் டீச்சர். முதல் நாள் ஸ்கூல் கேட்டுல நிறுத்தி வச்சு சொன்னேன். இந்தா பாரு கண்ணு, இந்தக் கேட்டுக்கு உள்ள நான் மிஸ்ஸு, வெளிய வந்தா அம்மா. உள்ள சிணுங்கக் கூடாது, அழக் கூடாது, நாலு பேர் அம்மாகிட்டச் செல்லம் கொஞ்சுதும்பாங்க. சரின்னு தலையாட்டினா. அதை ஒரு விளையாட்டாவே ஆக்கிட்டா. ஒரு கால் ரோட்டுல, ஒரு கால் கேட்டுக்கு உள்ள வச்சுக்கிட்டு, டாட்டாம்மா, குட்மார்னிங் மிஸ்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு ஓடுவா. தினமும்.

அதான்க்கா அழல. அழக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். சொல்லி வச்சுட்டு, அழலையே, நடிப்புன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

ஆட்டோல என் மடியில படுத்துக்கிட்டு, மிஸ் வலிக்குது மிஸ், மிஸ் வலிக்குது மிஸ்ங்கிறா. கேட்டு தாண்டிட்டோம்டி, வெளிய வந்துட்டோம், அம்மான்னு கூப்பிடுடின்னு கெஞ்சினேன். அவ காதுல விழல. இங்க வந்தா ஃபார்ம் குடுக்குறாங்க. நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கோடு. கை தானா வகுப்பாசிரியைன்னு எழுதிருச்சுக்கா. டீச்சர் கையெழுத்து செல்லாதும்மா, பெத்தவங்களை வரச் சொல்லுங்கன்னாங்க. அதை அடிச்சுட்டு மேல எழுதினேன். அந்த நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. நீங்க இப்பப் பாக்குற மாதிரியேதான்.

வேண்டாம்க்கா, கையப் பிடிக்காதீங்க, இங்க்கு ஒட்டிக்கும்.

இருங்க, கதவு திறக்குது. உங்களுக்கா எனக்கா... எனக்குத்தான். இதோ இருக்கேன் சிஸ்டர். முடிஞ்சுதா? கண்ணு முழிச்சுட்டாளா? முழிக்கல... சரி... உதடு மட்டும் அசையுதா? யாரைக் கேக்குறா? இல்ல சிஸ்டர், மிஸ்ஸு யாரும் இங்க இல்ல. அம்மாதான் இருக்கேன். நான் வர்றேன்.

இந்தப் பேப்பர் கட்டை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா.