கண்ணை மூடாத மாப்பிள்ளை

இந்த டீ நல்லா இருக்குங்க ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல், அது பரவாயில்லை. குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டேன், நீங்க சிரிச்சீங்க. சிரிங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எங்க வீட்டு மாப்பிள்ளையும் முதல் நாள் அப்படித்தான் சிரிச்சார்.

உங்ககிட்ட நான் எதையும் மறைக்கப் போறதில்லை. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா ஏதோ நான் கெட்ட எண்ணத்துல பண்ணின மாதிரி ஆயிடும். அதனால முதல்ல இருந்தே சொல்றேன்.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி புருஷன். எடை மெஷின் ரிப்பேர் பண்றவர். கடை கடையாப் போய், தராசு மேல எடைக்கல்லை வச்சுப் பாத்து, தப்பாக் காட்டினா சரி பண்ணிக் குடுப்பார். கடைத்தெருவுல தராசுக்காரர்னு சொன்னாத்தான் தெரியும். தங்கச்சி அவரைக் கூட்டிக்கிட்டு வந்து "இவரைத்தான் கட்டிக்கப் போறேன்"னு நின்னப்ப, நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எந்தக் கடவுளைக் கும்பிடுவீங்க தம்பி?" அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாம, "யாரையும் இல்லைங்க அக்கா"ன்னார். காப்பி குடிக்கறதில்லைன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

வேற கடவுளைக் கும்பிடறவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவங்க வேற கதவைத் தட்டறாங்க, அவ்வளவுதான். கதவே இல்லைங்கறவனை என்ன செய்யறது? கடவுள் பயம் இல்லாதவன் வாக்கை நம்பக் கூடாது, அவன் வாயில வர்றது எல்லாம் பொய்யாத்தான் இருக்கும்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. பயம் இல்லைன்னா எதுக்கு ஒருத்தன் உண்மை பேசணும், நீங்களே சொல்லுங்க.

கல்யாணம் ஆகி என் வீட்டுலதான் இருந்தாங்க. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, மாமியார் மட்டும் படுக்கையில இருந்தாங்க. இடம் இருக்கு, நான்தான் வரச் சொன்னேன். கண்ணு முன்னாடி இருந்தா திருத்திடலாம்னு ஒரு நம்பிக்கை.

எங்க வீட்டுல சாப்பாட்டு மேஜையில எல்லாரும் கண்ணை மூடிக்குவோம். மூத்தவ நான் சத்தமா நன்றி சொல்லுவேன். அது முடிஞ்சாத்தான் தட்டுல கை வைக்கணும். மாப்பிள்ளை கண்ணை மூட மாட்டார். "நீங்க கும்பிடுங்க அக்கா, நான் பாலைப் பாத்துக்கறேன்"ம்பார். உண்மையிலேயே அடுப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அவர் வந்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுல பால் பொங்கி வழிஞ்சதே இல்லை, அதையும் சொல்லணும். அவர் கண்ணைத் திறந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மூத்தவளுக்குக் கண்காணிக்கற பொறுப்பு இருக்கு.

ஆள் கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வேலையே இல்லை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். அவர் கெட்டவரா இல்லை. அதுதான் பிரச்சினை. என் மாமியாரைக் குழந்தை மாதிரி தூக்கிக் குளிப்பாட்டுவார். நான் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கற வேலையெல்லாம் அவர் பாட்டுப் பாடிக்கிட்டே செய்வார். மாமியார் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன்னைக் கடவுள்தாம்ப்பா அனுப்பினாரு"ன்னாங்க. "இல்லைங்கம்மா, நான் பஸ்லதான் வந்தேன்"னார். கிழவிக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நல்லவனா இருக்கறதுக்கு நாங்க எவ்வளவு கும்பிட வேண்டியிருக்கு, இவர் பாட்டுக்குச் சும்மா இருக்கார்.

மாமியாரோட இதய மாத்திரையையும் அவர்தான் நேரம் பாத்துக் குடுப்பார். "அக்கா, இதைத் தவறிப் போய்க்கூட ரெண்டாவது தடவை குடுத்துடாதீங்க, இதயத்தையே நிறுத்திடும்"னு என்கிட்டச் சொல்லி வச்சார். நல்லது யார் சொன்னாலும் நான் கேட்டு மனசுல வச்சுக்குவேன்.

மாமியார் போனதுக்கப்புறம் நான் யோசிச்சேன். மனுஷனுக்கு எப்பக் கடவுள் ஞாபகம் வருது? கஷ்டம் வந்தா. இந்த மனுஷனுக்குக் கஷ்டமே வரலை, பாவம். சரி, நம்ம வீட்டுப் பிள்ளை, நாமதானே செய்யணும்னு நினைச்சேன்.

முதல்ல சின்னதாத்தான் ஆரம்பிச்சேன். அவரோட எடைக்கல்லுல ஒண்ணை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டேன். அது இல்லாம அவரால வேலை பாக்க முடியாது. வீட்டைத் தலைகீழாப் புரட்டினார். நான் பக்கத்துல நின்னு, "ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டுத் தேடுங்க தம்பி, கிடைக்கும்"னேன். "தேடிட்டே இருந்தாலும் கிடைக்கும்க்கா"ன்னார். கிடைச்சுது. அரிசி அளக்கும்போது டப்பா கனமா இருக்கேன்னு கண்டுபிடிச்சுட்டார். எடை பாத்தே பழகின கை.

அப்புறம் மொத்தக் கடை முதலாளியைப் போய்ப் பாத்தேன். மாப்பிள்ளைக்குப் பாதி வேலை அந்தக் கடையில இருந்துதான். நான் ஒரு பொய் சொல்லலை, இதை அவசியம் எழுதிக்கோங்க. "எங்க மாப்பிள்ளைக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. "அப்படியா, ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையேம்மா"ன்னார். திருடன்னு சொல்லியிருந்தாக்கூட ஆதாரம் கேட்டிருப்பார். இதுக்குக் கேக்கலை. அடுத்த நாளே வேற ஆளைப் போட்டுட்டார்.

வேலை போன மாப்பிள்ளை என்ன பண்ணார்னு நினைக்கறீங்க? அழுதாரா? மண்டி போட்டாரா? வீட்டு ஜன்னலுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். தங்கச்சிக்குச் சமையல்ல கூட நின்னார். "வேலை போனது எனக்கு, நீங்க ஏன்க்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க"ன்னு என்னைச் சமாதானப்படுத்தினார். கொஞ்ச நாள்ல அந்த முதலாளியே வீட்டுப் படியேறி வந்து நின்னார். புதுசா வந்தவர் கடைக்குள்ள வந்ததும் நெஞ்சுருகக் கும்பிடுவாராம், கும்பிட்டு முடிச்சதும் தராசு முள்ளை லேசா நகத்திடுவாராம். "கும்பிடற ஆள் எனக்கு வேணாம்ப்பா, எடை சரியா இருந்தாப் போதும். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீ, உன்னை விட்டுட்டேன்"னு மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் டீ போட உள்ளே போயிட்டேன்.

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு, தானாக் கனியாத பழத்தைத் தடியால அடிச்சுக் கனிய வைக்கறதுன்னு. எல்லாரும் அதைக் கேலியாத்தான் சொல்லுவாங்க. யாரும் நிதானமா, அளவா அடிச்சுப் பாத்ததில்லைன்னு எனக்குத் தோணுச்சு. மாமியாரோட மாத்திரை மிச்சம் இருந்துச்சு. "மருந்துக் கடையில திருப்பிக் குடுத்துடுங்கக்கா, வீட்டுல வச்சிருக்கக் கூடாது"ன்னு மாப்பிள்ளை சொல்லித்தான் இருந்தார். எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது.

அவர் சாப்பாட்டுல கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். தலை சுத்தல், வாந்தி, படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியலை. டாக்டர் ஏதேதோ டெஸ்ட் எடுத்தார், ஒண்ணும் பிடிபடலை. நான் ராப்பகலாப் பக்கத்துலயே இருந்தேன். கூடப் பொறந்த தம்பிக்குக்கூட நான் அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். நெத்தியைத் துடைச்சு விட்டேன், சூப் வச்சு ஊட்டினேன், அவருக்குப் பதிலா நானே கும்பிட்டேன். பாக்க வந்தவங்க எல்லாம் "பெத்த தாய்கூட இப்படிப் பாக்க மாட்டா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுல எனக்குப் பெருமை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம். தங்கச்சி அழுது களைச்சுப் போய் அடுத்த ரூம்ல படுத்திருந்தா. நான் அவர் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டு, "ஒரே ஒரு தடவை கடவுள்கிட்டக் கேட்டுப் பாருங்க தம்பி. எனக்காக"ன்னேன். என்னையும் அறியாம அழுதுட்டேன். நிஜமாத்தான் அழுதேன். அவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். அப்புறம் மெதுவா, "அக்கா, நீங்க என்னைக் கவனிச்சுக்கறதைப் பாத்தா, மேல ஒருத்தர் இருக்கார்னுதான் தோணுது"ன்னார்.

ஐயா, என் வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்லை. அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்திட்டேன். கேட்டது கிடைச்சுது, இனிமே அவரைக் கஷ்டப்படுத்தறது பாவம். எனக்கும் மனசாட்சி இருக்கு.

உடம்பு மளமளன்னு தேறிடுச்சு. அங்கதான் எனக்குக் கவலை பிடிச்சுக்கிச்சு. தங்கச்சிகூட உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சார். எடைக்கல்லை எல்லாம் எடுத்துத் துடைச்சு வச்சார். நாளைக்கு வேலைக்குப் போவார், நாலு பேரைப் பாப்பார், பழையபடி "நீங்க கும்பிடுங்க, நான் பாலைப் பாத்துக்கறேன்"ம்பார். கையில கிடைச்ச ஆத்துமாவை மறுபடியும் தெருவுல விட்டுட்டா அந்தப் பொறுப்பு யாருக்கு? எதுக்கும் இருக்கட்டும்னு மிச்ச மாத்திரையைப் பொடி பண்ணிக் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தேன். தங்கச்சி வேற, "பத்தியச் சாப்பாடு, இனிமே நானே சமைக்கறேன்க்கா"ன்னு சமையல் ரூம் பக்கம் என்னை விடலை. மேஜையில அவர் கண்ணு முன்னாடி என்ன செய்ய முடியும்? அவர்தான் கண்ணையே மூட மாட்டாரே.

அன்னிக்கு மூணு பேரும் சாப்பிட உக்காந்தோம். நான் நன்றி சொல்ல ஆரம்பிச்சேன். பக்கத்துல பாக்கறேன், மாப்பிள்ளை ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடியிருக்கார். உதடு லேசா அசையுது. முகத்துல அப்படி ஒரு அமைதி. இதைவிட நல்ல நேரம் ஒரு ஆத்துமாவுக்கு வருமா? நம்பிக்கையோட இருக்கும்போதே கரை சேத்துடணும்னு மேலே இருந்து யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. வாய் நன்றி சொல்லிக்கிட்டே இருந்துச்சு, கை முடிச்சை அவிழ்த்துச்சு. அவரோட டீயில எல்லாத்தையும் போட்டுக் கலக்கினேன். அன்னிக்குப் பால் பொங்கி அடுப்பை அணைச்சுடுச்சு. பாக்கறதுக்கு ஆள் இல்லையே.

"டீ கசக்குதேக்கா"ன்னார். "நாக்கு இன்னும் சரியாகலை தம்பி"ன்னேன். "இருக்கும்"னு சொல்லிட்டு முழுசாக் குடிச்சார். ராத்திரி தூக்கத்துலயே போயிட்டார். ஆமாங்க ஐயா, நான்தான் கொன்னேன். அந்த வார்த்தைதான் உங்களுக்கு வேணும்னா அதையே எழுதிக்கோங்க.

என்னை மாட்டிவிட்டது என் தங்கச்சி. அவ கண்ணைத் திறந்து பாத்திருக்கா. புருஷன் நிஜமாவே கண்ணை மூடியிருக்காரான்னு வேடிக்கை பாக்கத் திறந்தாளாம். அப்ப என் கை அவர் டம்ளர் மேல இருந்துச்சாம். அக்கா சர்க்கரை போடறான்னு நினைச்சுக்கிட்டாளாம். சர்க்கரை போட்ட டீ ஏன் கசந்துச்சுன்னு மறுநாள் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் யோசிச்சிருக்கா. ஒழுங்காக் கும்பிட்டிருந்தா இது எதையும் அவ பாத்திருக்கவே மாட்டா. அவளை நான் சரியா வளக்கலையோன்னு வருத்தமா இருக்கு.

இன்னொண்ணும் சொன்னா. உங்க ஆளுங்க என்னை வண்டியில ஏத்தும்போது தெருவே பாக்கக் கத்தினா. "அவர் எதையும் நம்பலை. 'அக்கா பாவம், எனக்காக ராப்பகலா முழிக்கறாங்க, அவங்க மனசு குளிரட்டும்னு ஒரு பொய் சொல்லிட்டேன்'னு என்கிட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள எடைக்கல்லு பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோன்னு. உனக்காகத்தான் அந்தக் கண்ணை மூடினார்"னு சொல்லிச் சொல்லி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.

துக்கத்துல இருக்கறவ, எதையாவது சொல்லத்தான் செய்வா. நான் அவமேல கோவப்படலை. ஆனா நீங்க படிச்சவங்க, அதை நம்பிடாதீங்க ஐயா. கடைத்தெருவுல யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க. அந்த மனுஷன் வாயில ஒரு நாளும் பொய் வந்ததில்லை.