கட்டைபறிச்சான் கச்சான் வேரில் கண்ட உண்மை

தலைமைக் கதிரையைத் தகைமையால் நிறைத்திருக்கும் காசிநாதர் ஐயா அவர்களே, மண்ணோடு மல்லுக்கட்டி மனிதரை வாழவைக்கும் பெரியோரே, தாய்மாரே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிவந்து கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம், ஸலாம்.

நாம் பாராட்ட வந்திருப்பவர் கிளிவெட்டியில் பிறந்த ஆய்வாளர் பிரியங்கினி. நிலக்கடலை எனப்படும் கச்சானின் வேர் முடிச்சுகளில் குடியிருந்து, காற்றின் நைதரசனைப் பயிருக்கு உணவாக்கும் பக்டீரியாக்களே அவரது துறை. அத்தகைய பக்டீரியாவைக் கலந்த பொடியைக் கட்டைபறிச்சான் கமக்காரருக்கு விதையோடு கொடுத்தார். பயிர் பச்சை பிடித்ததா? இல்லை, மஞ்சளித்தது.

கச்சானை நம்பியே வீட்டை நடத்தும் ரபீக்கா அவரிடம் வந்தார். “உங்கட பொடிய நம்பித்தான், மகள், நான் விதைச்சனான். எண்ட புள்ளையளுக்கு இனி என்னத்தக் குடுக்கிற?”

“மழை பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுங்கோ” என்றார் பிரியங்கினியின் மேலதிகாரி.

“பாக்காமல் சொல்ல ஏலாது, சேர்” என்றார் பிரியங்கினி.

எப்படிப் பார்த்தார்? நுணுக்குக்காட்டியில் இந்தப் பக்டீரியாக்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உடல் அந்நியமென்று அடையாளம் காணும் பொருளான பிறபொருளெதிரியாக்கி, அவற்றின் மேலுறையில் இனத்துக்கு இனம் வேறு. பொடியின் பக்டீரியாவை முயலுக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து தெளிநீர் எடுத்தார். அந்த நீர் அதே இனத்தைச் சந்தித்தால் மட்டுமே அதைத் திரளச் செய்யும். முன்வரிசையிலிருந்து ஆனந்தராசா அண்ணன் முயலுக்கு என்ன ஆனது என்று கேட்கிறார். முயல் சுகம், அண்ணன்.

ரபீக்காவின் செடிகளிலிருந்து முடிச்சுகளை நசுக்கி அந்தத் தெளிநீரோடு கலந்தார். திரளவில்லை. பொடியின் இனம் வேருக்குள் நுழையவே இல்லை; மண்ணில் முன்பே இருந்த சோம்பேறி இனம் இடத்தைப் பிடித்திருந்தது. அதே நிலத்தின் மூலையில் மட்டும் சில செடிகள் பச்சையாக நின்றன. அவற்றின் முடிச்சை வெட்டினால் உள்ளே சிவப்பு; முடிச்சு உழைக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இனத்துக்கும் தெளிநீர் எடுத்துச் சோதித்தார்; மற்ற இரண்டும் அதில் திரளவில்லை. பொடியின் இனமுமல்ல, சோம்பேறி இனமுமல்ல. உழைக்கும் மூன்றாவது இனம்.

கமக்காரர்களின் கூட்டத்தில் பிரியங்கினி எழுந்து நின்றார். “பிழை மழையில இல்லை. நான் தந்த பொடி உங்கட மண்ணில வேலை செய்யேல்லை. நல்ல இனம் உங்கட மண்ணிலேயே இருக்கு. இன்னொருக்கா என்னை நம்புவீங்களோ?”

ரபீக்கா எழுந்தார். “மழையில பழியப் போட்டிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன். உண்மையச் சொன்னீங்க. முதல்ல எண்ட நிலத்தில போடுங்க.”

அந்த மூன்றாவது இனத்தைப் பெருக்கி விதையோடு இட்டார்; அடுத்த போகம் நிலம் முழுக்கப் பச்சை. முடிச்சுகளைச் சோதித்தால், புதிய தெளிநீரில் திரண்டது. ரபீக்கா ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளி, அந்தச் சிவப்பைப் பார்த்து, பிரியங்கினியின் கையைப் பற்றிக்கொண்டார்.

அறிவு பெரிதா? பெரிதுதான். அறிந்ததை மறைக்காத நெஞ்சோ அதனிலும் பெரிது. பொன்னாடை போர்த்த என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த உரிமை எனக்கில்லை. ரபீக்கா அவர்களே, மேடைக்கு வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.