மூன்று மாடி ஏறிவந்த செவிலியருக்கு

பணியே பத்தியமாய், பரிவே பழக்கமாய், முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்கள் பொது வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நடந்து களைத்த கால்களுக்குச் சொந்தக்காரரே, கழிவுப் பாத்திரத்தையும் கைக்குழந்தைபோல் கவனமாய் ஏந்திச் சென்ற இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புச் சகோதரியே, வணக்கம்.

‘பொறுமையின் சிகரமே’ என்றும் எழுதியிருந்தோம். வார்டைத் துப்புரவு செய்யும் அக்காவிடம் வாசித்துக் காட்டியபோது, “அத அடிச்சிடுங்க. சிஸ்டர் கோபக்காரங்க. அவங்ககிட்ட இருக்கிறது வேற” என்றார். அந்த வேறு எது என்றும் அவரே சொன்னார். அதையே இம்மடலில் வைக்கிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. இரண்டு செவிலியர் வராததால் தாங்கள் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிற்பகலில், கைகழுவும் தொட்டியருகே கிடந்த தண்ணீரில் ஒன்பதாம் கட்டில் தையற்காரர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பக்கத்து வார்டிலிருந்து அக்கா ஓடிவந்தார்.

“ஈரத்தத் தொடைக்காம எங்க போய்த் தொலைஞ்ச?” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினீர்கள்.

தரையை உலர்த்திவிட்டே தான் போனது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து ஈரத்தைத் துடைத்தார். மாலைக்குள் துப்புரவு ஒப்பந்தக்காரர், “நாளையிலிருந்து வராத” என்று சொல்லிவிட்டார். பள்ளிக்குப் போகும் இரண்டு மகள்களுக்கும் அவர் உழைப்பில்தான் உலை கொதித்தது. வீட்டுக்குப் போய், ஒன்றும் நடக்காததுபோல் பாத்திரம் கழுவினார்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையில் தாங்கள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“நோயாளி உடம்பு தொடைக்கத் தண்ணி கொண்டுபோனப்ப சிந்தினது நான்தாம்மா. திரும்பி வந்து தொடைக்கலாம்னு நெனச்சேன். மூணாம் கட்டில்ல கூப்பிட்டாங்க, மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

“யாருமே பாக்கலையே சிஸ்டர். ஏன் வந்து சொல்றீங்க?”

“காலையில ஜெபம் பண்ண உக்காந்தேன். கண்ண மூடினா உங்க மூஞ்சிதான் வந்து நிக்குது.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “திட்டினது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் வீட்டு வாசல்லயா?”

“சரிதான். அங்கதான் சொல்லணும். நாளைக்குக் காலையில வார்டுக்கு வாங்க” என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினீர்கள்.

திங்கட்கிழமை காலை, ஷிப்ட் மாறும் வேளையில், மருத்துவர், செவிலியர், நோயாளிகள் எல்லோரும் இருக்க, வாசலில் தயங்கி நின்ற அக்காவை உள்ளே அழைத்து, நடந்ததைச் சொன்னீர்கள். மாவுக்கட்டோடு படுத்திருந்த தையற்காரரிடமும் மன்னிப்புக் கேட்டீர்கள். அவருடைய மகன் வாய்க்கு வந்தபடி ஏசினான். தலை குனியாமல் நின்று கேட்டுக்கொண்டீர்கள். பிறகு கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தீர்கள். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தங்களுக்கு வரவிருந்த மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது.

தான் கேட்ட நியாயம் கிடைத்தும் அக்காவுக்கு அன்று மனம் நிறையவில்லை. தங்கள் முகத்தில் அத்தனை அசதி. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சிஸ்டர். கால் வீங்கிக் கெடக்கு.”

“வேலை கெடக்கேம்மா.”

“கெடக்கட்டும். எங்க ஓடிடப் போவுது?”

வேலை நேரத்தில் தாங்கள் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அன்றுதான். அக்காவும் அருகே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகும் தங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் வந்த கோபத்தைச் சொல்லித் தீர்க்காமல், சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்காமல், ஒருநாளும் தாங்கள் வீடு திரும்பியதில்லை. பிரசங்கம் எதுவும் எங்களுக்குச் செய்ததில்லை. தங்கள் ஆண்டவரை நாங்கள் அறிந்தது, தாங்கள் எங்களிடம் தணிந்து நின்ற அந்த வேளைகளில்தான்.

அருமைச் சகோதரியே, நலமும் நீண்ட ஆயுளும் வேண்டுகிறோம். அவற்றுக்கும் முன்பாக நல்ல உறக்கம் வேண்டுகிறோம். நாளைக் காலை வார்டில் யார் கூப்பிட்டாலும், போவதற்கு நாங்கள் இருக்கிறோம். தாங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

தங்கள் அன்பில் நனைந்த,
ஆண்கள் பொது வார்டு ஊழியர்கள்