நாப்பத்தியோரு வீட்டுக்கும் ஒரே நம்பர்

...செத்துப்போயிட்டேன்னு எழுதியிருந்தாக்கூட விட்டிருப்பேன் தங்கச்சி. "முழு திருப்தி"ன்னு எழுதி வச்சிருக்காங்க! யாரு? எங்க தெருவு! நாப்பத்தியோரு வீடும்! கல்யாணத்தன்னிக்கே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற ஜனங்கம்மா அதுங்க. திருப்தியாமே!

இந்தப் பக்கம் தள்ளி உக்காரு, அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடும். டோக்கன் எத்தன? முப்பத்தொண்ணா? நான் இருபத்தேழு. பலகையில பத்தொம்போதுதான் எரியுது. சாவகாசமா சொல்றேன், நீ பாட்டுக்கு ஃபாரத்த எழுது.

நான் தையக்காரி. தெரு முனையில மிஷினப் போட்டு உக்காந்திருக்கேன். வெளிநாட்டுக் காசு வாங்கிட்டு வந்து தண்ணிக் குழா போடுறாங்கல்ல, இதே ஆபீசுக்காரங்கதான், போன வருசம் எங்க தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தாங்க. ஒரு பொண்ணு, கையில தட்டு மாதிரி ஒரு ஃபோன். அதுல நம்பர் போடலன்னா அடுத்த பக்கம் நகராதாம்! பாதி வீட்டுல ஃபோனே இல்ல. இருக்கிறவங்க, நம்பர் குடுத்தா கண்டவன் கூப்பிடுவான்னு குடுக்க மாட்டேங்குறாங்க. அந்தப் பொண்ணு அழுவுற மாதிரி நிக்குது. நான் கம்முனு இருந்திருக்கலாம்ல? வாயி சும்மா இருந்தாத்தானே! "என் நம்பரப் போடு கண்ணு, பகல் பூரா இங்கதான் கெடக்கேன், வர்ற சேதிய நான் சொல்லிக்கிறேன்"னுட்டேன். அவ்வளவுதான். எல்லாருக்கும் என் நம்பரு.

அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு என்னமோ வாசிச்சுது. உங்க விவரத்தப் பத்திரமா வச்சிருப்போம், சம்மதமான்னு. நாப்பத்தியோரு வாட்டி சம்மதம்னேன். பத்திரமாத்தான் வச்சிருக்காங்க, இப்ப எனக்கே காட்ட மாட்டேங்குறாங்க!

ம்? ஆமா, சேதி வந்துச்சு. வராம? ஆஸ்பத்திரி, ஆட்டு டாக்டருன்னு எல்லாரும் அந்தக் கணக்குலேருந்தே நம்பர எடுத்துக்கிட்டாங்க. ஒரே நாள்ல நான் ஏழு மாசக் கர்ப்பம், எனக்கு மூணு வாரமா இருமல், என் ஆட்டுக்குக் குடல்புழு! எங்க வீட்டுக்காரரு வெளியூரு வேலைக்குப் போயி ஒரு வருசம் கழிச்சு வந்திருக்காரு. வந்ததும் வராததுமா ஃபோன எடுத்துப் பாக்குறாரு. "வாழ்த்துகள், உங்கள் குழந்தை உதைக்கும்"! மனுசன் வெரல மடக்கி மடக்கி எண்றாரு... ரெண்டு நாளு சோறு திங்கல. அப்புறம் கர்ப்பமான பொண்ணையே கூட்டியாந்து வயித்தக் காட்டித்தான் சமாதானம் பண்ணேன்.

சிரிக்காத! இதுல ஒண்ணு வினையாயிடுச்சு. வழக்கம்போல மிஷின்ல உக்காந்தபடியே சத்தம் போட்டேன், "ரெண்டாவது வீட்டு மருமவளே, கொழந்த தள்ளிப்போடுற ஊசி உனக்குச் செவ்வாக்கெழமை!"ன்னு. மாமியாக்காரி வாசல்ல நிக்கிறா. அவளுக்குத் தெரியாதாம்! அந்தப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசல. கிழிஞ்ச பாவாடைய அடுத்த தெருவுல குடுத்துத் தைக்கிறா. அது... சிரிப்பு இல்லம்மா. அவ ரகசியம், நான் ஊருக்கே வாசிச்சுட்டேன்.

அதோட வாசிக்கிறத நிறுத்திட்டேன். கேள்வி கேட்டு சேதி வந்தா நானே பதில அமுக்கிருவேன்.

என்னத்தையா? ஒண்ணுதான். ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. ஒரே ஒரு வாட்டி ரெண்டு அமுக்கினேன் தங்கச்சி, பதினோரு கேள்வி வந்துச்சு! எத்தன கொடம், கொடம் எவ்வளவு பெருசு, தூக்கிட்டு வர்றது ஆணா பொண்ணா... பதில் சொல்லி முடிச்சுப் பாத்தா சட்டக் கைய கழுத்துல வச்சுத் தச்சிருக்கேன். ஒண்ணு அமுக்கினா "நன்றி"ன்னு சொல்லிட்டுப் போயிடுது, மரியாதையா!

பத்தொம்போது, இருவது... வேகமாத்தான் போவுது.

போன மாசம் "உங்க வீட்டுல தண்ணி போதுமா"ன்னு வந்துச்சு. நாப்பத்தியோரு வாட்டி. நான் ரவிக்கைக்குக் கொக்கி வச்சிக்கிட்டு இருந்தேன்... டக்கு டக்கு டக்குன்னு...

ஆமா. ஒண்ணு.

எங்க தெருவுல குழாய்க்குப் பாதிப் பள்ளம் தோண்டியிருந்தாங்கம்மா! அப்படியே போட்டுட்டு, கடப்பாறைய எடுத்துக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. தண்ணி லாரியையும் நிறுத்திட்டாங்க. முழு திருப்தின்னு எழுதியிருக்கு, போதும்னு சொன்னீங்களேங்குறாங்க! ஏழு மாசக்காரி, இப்ப நெறமாசம், அடுத்த தெருவுல போயி கொடம் தூக்குறா. தெருவே கூடி நின்னு, "எவ அமுக்கினா"ன்னு கத்துச்சு. நானும் கத்தினேன், எல்லாரையும் விடப் பெருசா! "அந்தக் கையில கட்டி வர"ன்னேன். என் கையிக்கே!

நாளைக்கு ஆபீசரு தெருவுக்கு வந்து, பதில் வந்த நம்பர வாசிச்சுக் காட்டுவாராம். அதான் இன்னிக்கே ஓடியாந்தேன். உள்ள போயி காலுல விழுந்தாச்சும் "ஐயா, பொய்யி, தண்ணி இல்ல, பள்ளத்த முடிங்க, நம்பர மட்டும் வாசிக்காதீங்க"ன்னு...

உன் ஃபாரத்துல என்ன காலியா கெடக்கு? ஃபோன் நம்பரா? உங்கிட்ட ஃபோன் இல்லையா? அட, என் நம்பர எழுதிக்கோ! எழுது, எழுது... கடைசியில ஏழு. ஆங்.

இருபத்தாறு! அடுத்தது நாந்தான். இரு, ஃபோன் அடிக்குது. "உங்கள் புகார் தீர்ந்ததா"வாம்! டோக்கனுக்கு நம்பர் குடுத்ததோட சரி, இன்னும் உள்ளயே போகல, அதுக்குள்ள கேக்குது பாரு! இன்னிக்கு ரெண்டுதான். பதினோரு கேள்வி இல்ல, நூறு கேட்டாலும் ரெண்டுதான். பாத்துக்கோ, இதோ ரெண்...

ஐயோ.

பழக்கம்மா... வெரலு தானாப் போயி... "நன்றி"ன்னு வந்துருச்சு! பலகையப் பாரு, என்னத் தாண்டி இருபத்தெட்டு! ஏங்க! கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கிறவரே! இருபத்தேழு இங்க இருக்கேங்க! தீரலைங்க!

தங்கச்சி, எங்க எந்திரிக்கிற? ஏய்... ஃபாரத்துல என் நம்பர எதுக்குக் கோடு போட்டு அடிக்கிற?

...அடி, அடி. நீயாச்சும் நல்லாரு. இன்னும் அழுத்தி அடி, அந்தக் கடைசி ஏழு தெரியுது.