புள்ளியும் வளையமும்

துப்பாக்கிக் கடையில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். துப்பாக்கி மேல் மாட்ட சிவப்புப் புள்ளிக் கண்ணாடி நல்லதா, ஹோலோகிராம் கண்ணாடி நல்லதா? நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். இரண்டையும் கையில் கொடுத்து, "அந்தச் சுவத்தைப் பாருங்க, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்பேன்.

மேடம், நீங்கள் கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

புள்ளிக் கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு விளக்கு இருக்கிறது. அதன் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. பேட்டரி வருடக்கணக்கில் தாங்கும். ஒருமுறை போட்டால் அணைக்கவே வேண்டாம். ஹோலோகிராம் கண்ணாடியில் லேசர் ஒளி. ஒரு வளையமும் அதன் நடுவில் ஒரு பொட்டும் தெரியும். கனம் அதிகம், பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். நல்ல கண் உள்ளவனுக்குப் புள்ளியே போதும். கருவிழியின் வளைவு கோணலாக இருப்பவனுக்குத்தான் சிக்கல். அவனுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியாது. வால் முளைத்து, சிதறி, நசுங்கிய திராட்சை மாதிரித் தெரியும். அதே ஆளிடம் ஹோலோகிராமைக் கொடுத்தால் வளையம் வளையமாகவே நிற்கும்.

என் கண் அப்படிப்பட்டது. அஸ்டிக்மாட்டிசம் என்று டாக்டர் பெயர் சொன்னார். மூக்குக் கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாத வகை. நூறு கஜத்தில் புள்ளியை வைத்தால் ஒரு ஆளின் நெஞ்சு முழுக்க மறைந்துவிடும்.

போன பிப்ரவரியில் நடந்ததை எல்லோரும் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். வயதானவன், கோணல் கண், பனிமூட்டம், காட்டுப்பன்றி வேட்டை. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த போலீஸ் அதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நடுவர் குழுவும் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. யார் மீதும் எனக்குக் குறையில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

லியோனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே மகள். என் மனைவி டோரதி இறந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் நாங்கள் இரண்டு பேர்தான். அவளை இருக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளாகத்தான் இருந்தாள். நடுவில் ஒருமுறை ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் வேலை கேட்டு எழுதியிருந்தாள். பதில் வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. பிரித்துப் படித்தேன். நல்ல வேலைதான். அடுப்பில் போட்டேன். ஒரு மாதம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள், பிறகு இங்கேயே பள்ளிக்கூடத்தில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். ஹூஸ்டன் போக்குவரத்தில் அவளால் கார் ஓட்டியிருக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

கோல்பி ஓர்சாக் லியோனா கட்டிக்கொள்ள இருந்தவன். மின்கம்பம் ஏறுகிற வேலை. சிரித்த முகம். புயலில் சாய்ந்த என் வேலியை நான் கேட்காமலே வந்து கட்டிக் கொடுத்தான். அவனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இப்போதும் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லியோனா கசகசா வைத்துக் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி சுட்டிருந்தாள்.

"சார், வயோமிங்ல காற்றாலை மின்சாரக் கம்பெனில வேலை கெடச்சிருக்கு" என்றான் கோல்பி. "மே மாசம் கல்யாணம் முடிஞ்ச கையோட கிளம்பணும்."

லியோனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க."

"ஆமா சார். உங்களுக்குன்னே ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். கார் ஷெட்டுக்குப் பக்கத்துல. துப்பாக்கியெல்லாம் தாராளமா வச்சுக்கலாம். அங்க மான் வேட்டைக்கு நீங்கதான் எனக்குக் கத்துக்குடுக்கணும்."

"பாக்கலாம்" என்றேன்.

அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அவள் சொன்ன ஒரு சொல்தான் விழுந்தது. எங்ககூட. பிறந்ததிலிருந்து அவள் சொன்ன 'எங்க' எல்லாவற்றிலும் நான் இருந்தேன். இதில் நான் இல்லை.

நவம்பரில் எனக்கு அறுபத்தாறு முடிந்தது. லியோனா ஒரு பெட்டியைக் கொடுத்தாள். சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. எனக்குத் தெரியாமல் கடை முதலாளி மில்டன் ஷிமெக்கிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் கண்ணைப் பற்றி நான் வீட்டில் சொன்னதில்லை, மில்டனிடமும் சொன்னதில்லை. அவளைத் தப்பு சொல்ல முடியாது.

"பிடிச்சிருக்காப்பா?"

"ரொம்ப" என்றேன். அது பொய்யில்லை. அவள் கொடுத்ததாயிற்றே.

துப்பாக்கியில் மாட்டி, வேலிக் கம்பத்தைப் பார்த்தேன். கம்பத்தின் தலை தெரியவில்லை, சிவப்பாக ஒரு கறைதான் தெரிந்தது. இந்தக் கண்ணாடி வழியாக நான் என்ன செய்தாலும் யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. வெறும் எண்ணம்தான். எல்லோருக்கும் வருவதுதான். நான் அதைத் துரத்தவில்லை, அவ்வளவே.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் காபி குடிக்க வருகிறவர்களிடம் புலம்ப ஆரம்பித்தேன்.

"என்னப்பா எர்வின், புதுக் கண்ணாடி எப்படி இருக்கு?" என்பான் மில்டன்.

"புள்ளியா அது? வால் நட்சத்திரம் மாதிரி இருக்கு."

"கண்ணாடியக் குத்தம் சொல்லாத. உன் கண்ணு கிழண்டு போச்சு."

"அடுத்த வருஷம் பன்னின்னு நெனச்சு மில்டனோட வண்டியச் சுடப்போறான் பாரு" என்பார் பக்கத்தில் இருப்பவர். எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஹோலோகிராம் மாத்திக்கோயேன். ஊருக்கெல்லாம் நீதானே சொல்றே?"

"பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தது, மில்டன். அதக் கழட்டி வச்சா அவ மனசு என்ன பாடுபடும்?"

பின்னால் ஆறு பேர் இதை உங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் உண்மை.

டிசம்பரில் சான் அன்டோனியோ போய், துப்பாக்கிச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு ஹோலோகிராம் கண்ணாடி வாங்கினேன். இரண்டு கண்ணாடிக்கும் நெம்புப்பிடி வைத்த தாங்கி போட்டேன். ஒரு நெம்பில் கழலும், ஒரு நெம்பில் மாட்டும், குறி மாறாது. என் நிலத்திலேயே ஆள் இல்லாத நாட்களில் இரண்டையும் நூறு கஜத்துக்குச் சரிபார்த்தேன். புள்ளியைச் சரிபார்க்க அரை நாள் பிடித்தது. வளையத்துக்கு ஆறு குண்டு போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி பதினான்காம் தேதி விடியற்காலை கோல்பி வந்தான். பன்றிகள் என் புல்வெளியை உழுது போட்டிருந்தன. லியோனா எங்களுக்கு ஃப்ளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள். வேட்டையில் தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிவதற்காகப் போடுகிற ஆரஞ்சு நிற மேலாடை அவன் போட்டிருந்தான்.

"அதக் கழட்டிடு" என்றேன். "நடக்கும்போது சரசரன்னு சத்தம் வருது. பன்னிக்குக் காது கூர்மை."

"சரி சார்." கழற்றி வண்டி இருக்கையில் மடித்து வைத்தான். உங்கள் ஆட்கள் அதை அங்கே பார்த்துவிட்டு, இளவயசு, அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார்கள்.

"நீ ஓடை வழியா சுத்திப் போய் கலைச்சு விடு. நான் இங்க இருக்கேன்."

"பன்னி இல்லேன்னா கை காட்டறேன் சார்."

அவன் போன பிறகு ஹோலோகிராமை மாட்டினேன். பனி இருந்தது, உண்மைதான். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கிற அளவுக்கு இல்லை. கால் மணி நேரம் கழித்து ஓடைப் புதரிலிருந்து வெளியே வந்தான். நூற்றுப் பத்து கஜம் இருக்கும். நின்று என்னைப் பார்த்தான். பன்றி இல்லை என்று வலது கையைத் தூக்கினான். வளையத்துக்குள் அவன் முழுதாகத் தெரிந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். நடுப் பொட்டு அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானில் இருந்தது. சுட்டேன்.

பிறகு ஹோலோகிராமைக் கழற்றிவிட்டுப் புள்ளியை மாட்டினேன். நடந்து போனேன். அவனுக்கு உயிர் இருந்தது. என் முகத்தைப் பார்த்தான்.

"உங்க தப்பில்ல சார்" என்றான். "லியோனாகிட்ட... உங்களத் திட்ட வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அங்கிருந்து மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டைக்குப் போனேன். ஹோலோகிராமைத் தென்கரையில் நின்று, சாய்ந்த கருவேல மரத்துக்கு நேராக எறிந்தேன். நீங்கள் தேடினால் கிடைக்கும். திரும்பி வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். குட்டைக்குப் போய்வர பதினோரு நிமிடம். இதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன், எதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

லியோனா அன்று அழவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சமையலறையில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் வாங்கிக் குடுத்த கண்ணாடி வழியாத்தான் பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

"அதுல உங்களுக்குச் சரியாத் தெரியாதுன்னு மில்டன் மாமா சொன்னார். ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"நீ ஆசையாக் குடுத்தது. எப்படிச் சொல்றது? உன் தப்பு எதுவும் இல்லம்மா. யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் என் மடியில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்தான் அவள் என் மடியில் அப்படிச் சாய்வாள்.

கல்யாணத்துக்குக் குறித்த நாள் வந்தது, போனது. அவள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே இருந்தாள். எனக்குச் சமைத்துப் போட்டாள், அவள் சாப்பிடுவது குறைந்துவிட்டது. இருபது கிலோ இளைத்திருப்பாள். ஒருநாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திறக்கவில்லை. கதவை உடைத்து உள்ளே போனேன், கையில் மாத்திரைப் புட்டி இருந்தது. பிடுங்கி எறிந்தேன். நான் மட்டும் வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அது தவிர அந்த வருடம் வீடு அமைதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்போம். அவள் பேச மாட்டாள். பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கோல்பியோட அம்மாகூடப் போய் இருக்கப் போறேன். அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன், நான்தான் அந்தக் கண்ணாடிய வாங்கினேன்னு. வாம்மான்னு சொன்னாங்க."

"இங்க உனக்கு என்ன குறை?"

"உங்க மேல கோவம் இல்லப்பா. சத்தியமா இல்ல. ஆனா உங்களப் பாக்கும்போதெல்லாம் நான் செஞ்சதுதான் தெரியுது. என்னால முடியல."

போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. அந்த அம்மாள் வீட்டு வாசல் வரை போனேன். லியோனா தூங்குகிறாள், இப்போதுதான் ஒரு கவளம் சாப்பிட்டாள், எழுப்ப மாட்டேன் என்று அவர் கதவைச் சாத்திவிட்டார்.

அதனால்தான் இங்கே வந்தேன். செய்யாத தப்பை என் பெண் சுமந்துகொண்டிருக்கிறாள். எந்தத் தகப்பனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவள் வாங்கிக் கொடுத்த கண்ணாடியால் ஒன்றும் நடக்கவில்லை. நான் நன்றாகப் பார்த்துத்தான் சுட்டேன். கோல்பி ஓர்சாக்கை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும், மேடம். இதை அவளிடம் போனில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னை எங்கே வைத்திருப்பீர்கள், பார்க்க எந்தெந்தக் கிழமை வரலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று என்னிடம் கேட்பதற்காவது அவள் வருவாள். ஒரு தடவையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, பல தடவை வர வேண்டியிருக்கும். கோல்பியின் அம்மா என்ன இருந்தாலும் வேற்று மனுஷி, எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்? அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?