நாலு வயசில் ஜெயில்

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில். பங்காருபேட்டை தாண்டியதும் எதிர் சீட்டு அம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து, பக்கத்திலிருந்த பெண்ணுக்கு ஓர் இட்லியைக் கொடுத்தபடி சொன்னார்:

“எங்க மாமனாரு நாலு வயசுல ஜெயிலுக்குப் போனவரு.”

“நாலு வயசுலயா? இன்னாக்கா பண்ணாரு?”

“சீனாக்காரங்க குடும்பத்துல பொறந்தாரு. அப்ப அசாம்ல இருந்தாங்க. அறுபத்திரண்டுல சீனாவோட சண்டை வந்துச்சி. குடும்பத்தோட புடிச்சி ராஜஸ்தான் முகாம்ல அடைச்சிட்டாங்க. மூணு வருஷம்.”

“கோர்ட்டு, கேஸு எதுவும் இல்லியா?”

“கேஸு போட்டா இன்னா தப்பு பண்ணான்னு சொல்லணுமே! இனிமே பண்ணுவான்னு சந்தேகம் வந்தாலே போதும்னு சட்டம் வெச்சிருந்தாங்க. நாலு வயசுல அவரு இன்னா பண்ணுவாரு? பாயை நனைப்பாரு.”

அந்தப் பெண்ணுக்குப் புரையேறியது. அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“அப்புறம் பெரியவராயி இங்க தங்கவயலுக்கு வந்து மைன்ஸ்ல வேலைக்குச் சேந்தாரு. ஷிஃப்ட் முடிஞ்சா தங்கத்த ஒளிச்சி வெச்சிருக்கானான்னு கேட்ல எல்லாரையும் தடவிப் பாப்பாங்க. மத்தவங்கல்லாம் மானம் போச்சின்னு கத்துவாங்க. இவரு மட்டும் சிரிச்சிக்கினே கையத் தூக்கிக்கினு நிப்பாராம்.”

“ஏன்க்கா?”

“‘இவனுங்க நல்லவனுங்கடா, தேடிப் பாத்து ஒன்னும் இல்லன்னா வூட்டுக்கு அனுப்பிடறானுங்க’ன்னு சொல்வாராம்.”