ஹம்முராபியும் யாந்தியும்

"ஹலோ... ஹலோ, பிரேமலாவா? அண்ணன் பேசுறேன்... ஆமா, ஆமா, இன்னும் கோப்பிகூட குடிக்கல. யாரு போட்டுக் குடுக்கிறது? அந்த யாந்தி ஓடிப்போயிட்டா லா!... எப்பன்னா எனக்கென்ன தெரியும்? எந்திரிச்சுப் பாக்குறேன், பின்கதவு தெறந்து கெடக்கு."

ஜெயபாலன் மலேசியாவின் குளுவாங்கில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் பேசப்போகிறார்: மோசேயின் சட்டமும் பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டமும். கையால் எழுதியதை லாபிஸில் இருக்கும் தங்கை பிரேமலாதான் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். இந்தோனேசிய வேலைக்காரி ஓடிப்போன வருத்தம் அவரிடம் அரை நிமிஷம்தான் தங்கியது.

"சரி, அத விடு. நாலாம் பக்கத்தக் கேளு. பாபிலோன்ல, ஓடிப்போன அடிமைய வீட்டுல ஒளிச்சு வச்சவனுக்கு மரண தண்டனை! நம்ம மோசே என்ன சொல்றாரு? தப்பி வந்தவன எசமான்கிட்ட திருப்பிக் குடுக்காத. அவனுக்குப் புடிச்ச எடத்துல இருக்கட்டும், இம்சை பண்ணாத... ஆமா! ஆமா! அந்தக் காலத்துல வேற எவன் சொன்னான்? இங்க நிறுத்தி, ஒரு வாய் தண்ணி குடிப்பேன். சனங்க யோசிக்கட்டும்... என்னது? அடிமைய விடுதல பண்றதப் பத்தி ஹம்முராபி ஒன்னும் சொல்லலியாவா? சொல்லியிருக்கான், சொல்லியிருக்கான். கடனுக்கு அடிமையாப் போன ஆளு மூணு வருஷம் ஒழைச்சா போதும், நாலாவது வருஷம் விட்டுறணும். நம்ம மோசேகிட்ட ஆறு வருஷம், ஏழாவதுலதான் விடுதலை. அத மட்டும் வேகமா தாண்டிப் போயிருவேன்... யாந்தியா? வந்து எத்தன வருஷமா? இரு... கொரோனாவுக்கு முன்ன வந்தவ. ஆறு முடிஞ்சு, ஏழு. ஏன் கேக்குற?... ஊருக்குப் போறேன்னு கேட்டா, ஆமா. ரெண்டு தடவ... சரி, மூணு தடவ. ஈஸ்டர் முடியட்டும்னேன், கிறிஸ்மஸ் முடியட்டும்னேன். கட்டியா போட்டேன்?... பாஸ்போர்ட் என் டிராயர்லதான் இருக்கு. பத்திரத்துக்கு! அலமாக், நீ என் தங்கச்சியா, வக்கீலா?... இரு. பின்னால யாரு இருமுறது?... ஏழு வருஷமா என் அடுப்படியில கேட்ட இருமல் அது. பிரேமலா! அவ உன் வீட்லயா இருக்கா?"

தங்கை மறைக்கவில்லை.

"காலை ரயில்லயா? என்னா துணிச்சல்! இப்பவே டாக்சி அனுப்புறேன், ஏத்தி விடு... மாட்டியா? ஏன்?... எந்தப் பக்கத்துல?... என் பேச்சுலயா?"

நாலாம் பக்கம் அவர் மடியிலேயே இருந்தது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டிருந்ததும் அவர்தான்.

"அது அடிமைங்களுக்கு, பிரேமலா. இவ மேய்ட். சம்பளம் குடுக்குறேன்!... பேசாத. நான் போலீஸ்ல ரிப்போர்ட் போட்டா, அவள மட்டுமில்ல, வீட்டுல வச்சிருக்கிற உன்னையும்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பேசியது மோசே இல்லை என்பது அவர் காதுக்கே கேட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது, வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை.

"சரி, சரி... இந்தப் புத்திய அவளுக்கு யாரு குடுத்தது? நீதானே?... நானா?"

அவரேதான். கேட்க ஆளில்லாமல், இரண்டு வாரமாக, இஸ்திரி போடும் நேரத்தில் யாந்தியை நிறுத்தி வைத்து, பேச்சை வரிவரியாக மலாயில் விளக்கியிருந்தார். புரிந்ததா, புரிந்ததா என்று வேறு கேட்டார். அவளும் தலையாட்டினாள்.

"நல்லா புரிஞ்சுதுன்னு சொல்றாளா?... ம்... ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வர்றீங்களா? முன் வரிசையிலயா?... நான் தண்ணி குடிக்க நிறுத்துறப்ப, பாஸ்போர்ட்ட வாங்க எந்திரிச்சு வருவாளா? சனங்க முன்னாலயா? இங்க பாரு பிரேமலா, நான் அந்த நாலாம் பக்கத்தையே விட்டுட்டுப் பேசினா என்ன பண்ணுவீங்க?... அவளே சொல்லுவாளா?... மனப்பாடமாவா?... ஹலோ? பிரேமலா? ஹலோ..."